கேட்டதாகச் சொன்ன பறவைகள்

பறவை பார்ப்போர் சங்கத்தில் அவருக்குப் பெயர் பாம்புச்செவி. புதருக்குள் ஒரு குருவி முணுமுணுத்தால் போதும், தலையைத் திருப்பாமலே இன்ன பறவை, இத்தனை என்று சொல்லிவிடுவார். தகர மூடி அடிக்கும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்ற மனுஷருக்கு இந்தக் காது எப்படி மிஞ்சியது என்று எல்லோருக்கும் ஆச்சரியம். அவருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வேலையில் மேஸ்திரிக்கு மேல் உயராத அவரை வெளியே நாலு பேர் மதித்தது அந்தக் காதுக்காகத்தான்.

வசந்தம் வந்தால் சங்கத்தில் ஒரு போட்டி நடக்கும். ஒரே நாளில், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை, யார் அதிக வகைப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள் என்று. இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். இருவருமே பார்த்திருந்தால், அல்லது கேட்டிருந்தால்தான் பட்டியலில் ஏறும். இவருக்கு ஜோடி மனைவியின் தம்பி, மருந்துக்கடையில் இருப்பவன். பதினொரு வருஷமாகச் சேர்ந்தே போகிறார்கள். போன வருஷம் நூற்றுப் பன்னிரண்டு வகை. சங்கத்தில் அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை.

அதற்குப் பின் வந்த குளிர்காலத்தில் காது கைவிட்டது. வாசல் மரத்தில் சிட்டுக்குருவி வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. "டிவியை ஏன் இப்படி அலற விடுறீங்க?" என்று மனைவி கேட்டபோதும் மழுப்பிவிட்டார்.

போட்டி நாளும் வந்தது.

"கதிர்க்குருவி, மாமா. கேக்குதா?"

"ம். வேலிக்கு அந்தப் பக்கம்."

மைத்துனன் முகம் திரும்பிய திசையை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் பக்கம் சொன்னார். பத்து மணிக்குள் அறுபத்தொன்று ஆகிவிட்டது. ஏரிக்கரையில் இறங்கியதும் மைத்துனன் காதோரம் கையைக் குவித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"ஈப்பிடிப்பான். கேக்குதா?"

"கேக்குது. ரெண்டு இருக்கும் போல."

அவன் எழுதவில்லை. நோட்டை மூடினான். "அங்க ஒண்ணுமே கத்தல, மாமா."

அவர் தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"இந்தக் குளிர்லதான்டா. சத்தியமா."

"அப்ப போன வருஷம்?"

"நல்லாத்தான் கேட்டுச்சு."

"எப்படி நம்புறது?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை, மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பவன் மாதிரி கேட்டான். நோட்டை வண்டியின் மேல் வைத்து, குரலை மட்டும் நம்பி எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தான். முப்பத்தெட்டு மிஞ்சியது.

"நேராக் கேட்டிருக்கலாமே. என்னைச் சோதிச்சுப் பாக்கணுமா?"

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருக்க மாட்டார். அவன் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிந்தது.

தன் பெயர் கெடக்கூடாதென்று மைத்துனன் அன்று சாயங்காலமே சங்கத்துச் செயலாளரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டான். போன வருஷத்து எண்ணிக்கையையும் சேர்த்து ரத்து செய்வதாகக் கடிதம் வந்தது. "அவன் செஞ்சதுல என்ன தப்பு?" என்றாள் மனைவி. அவளோடும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காது இந்தக் குளிரில்தான் போனது என்று எழுதி வாங்கினால் போன வருஷத்தையாவது மீட்கலாம் என்றுதான் காது டாக்டரிடம் போனார். டாக்டர் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "இது ஒரு குளிர்ல போனதில்ல. பத்து வருஷத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு. மிச்சத்தை நீங்க பழக்கத்துல ஊகிச்சிருக்கீங்க" என்று அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். வெளியே காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தாளை அவர் யாரிடமும் காட்டவில்லை. தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கிழித்துப் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வசந்தத்தில் மைத்துனன் வந்தான், இருவரும் சேர்ந்து வாங்கிய தொலைநோக்கியைக் கேட்டு. வண்டியில் அவனுடைய புது ஜோடி உட்கார்ந்திருந்தான். இவர் அலமாரியைத் திறந்து, உறையைத் துடைத்து, கையில் கொடுத்தார். அவன் திருப்பிக் கொண்டுவரவும் இல்லை, இவர் கேட்கவும் இல்லை.