வீட்டு ஓனர் வேஷம்

இந்த மாதத் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் ரொம்பக் கெட்ட வீட்டு ஓனராக இருந்தேன்.

பயப்படாதீர்கள் – நடிப்புதான்.

எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், தங்க இடமில்லாமல் போன திருநங்கைகளுக்காக ஓர் இல்லம் இருக்கிறது. சில கட்டில்கள், ஒரு சமையலறை, ஒரு சாமிப்படம், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வாஷிங் மெஷின். வாசலில் போர்டு கிடையாது. எந்தத் தெரு என்று நானும் எழுதப் போவதில்லை. அதை நடத்துபவர் சாந்தி அக்கா. அவரும் திருநங்கைதான். ஐம்பது வயதைத் தாண்டியவர். சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் வேலை வாங்கிவிடுவார்.

என்னிடமும் அப்படித்தான் வாங்கினார். ஒருநாள் போன் வந்தது.

“பேப்பர்ல உங்க பத்திய வாராவாரம் படிக்கிறேன்லா. நல்லா வாய் பேசுறீங்க. எங்க புள்ளைங்களுக்கு வீட்டு ஓனரா ஒரு நாள் வந்து நடிக்க முடியுமா?”

இது பாராட்டா, திட்டா? இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

விஷயம் இதுதான். அந்த இல்லத்தில் ஒருவர் மூன்று மாதம் தங்கலாம். அதற்குள் ஆஸ்பத்திரி, வேலை, முடிந்தால் அம்மாவோடு ஒரு போன் பேச்சு என்று ஒவ்வொன்றாக சாந்தி அக்கா சரி பண்ணிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் வெளியே போய் இருப்பதற்கு வாடகை ரூம்? அங்கேதான் வண்டி நின்றுவிடுகிறது.

நம் ஊர் வாடகை விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். லைட்டுக் கம்பத்தில், ஃபேஸ்புக்கில், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி – ‘இந்தியப் பெண்கள் மட்டும்’, இல்லையென்றால் ‘ஆண்கள் மட்டும்’. சேலை கட்டிய ஒரு பெண், ஆண் என்று போட்டிருக்கும் ஐ.சி. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இதில் எந்தக் கதவைத் தட்டுவாள்? நான் பல வருஷமாக இந்த விளம்பரங்களைத் தாண்டிப் போகிறேன். ஒருநாள்கூட இப்படி யோசித்ததில்லை.

அதனால் சாந்தி அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். ஒத்திகை. வெளியிலிருந்து யாரையாவது கூப்பிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வீட்டு ஓனராக நடிக்கச் சொல்வார். தங்கியிருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தட்டி ரூம் கேட்க வேண்டும். எவ்வளவு மோசமாகக் கேள்வி கேட்டாலும் சரி, குரல் நடுங்காமல் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் கதவைத் தட்டியவள் யமுனா.

யமுனாவுக்கு இருபத்தேழு வயதிருக்கும். பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சின்னச் சின்னப் பாகங்களில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கம்பெனி ஹாஸ்டலில் ஆண்கள் பிளாக் இருக்கிறது, பெண்கள் பிளாக் இருக்கிறது. இரண்டிலும் அவளைச் சேர்க்கவில்லை. அதனால் நிபோங் திபாலில் இருக்கும் அண்ணன் வீட்டிலிருந்து தினமும் பேக்டரி பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

அண்ணன் அவளை ‘வெளியே போ’ என்று சொல்லவே இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்து சாவியைப் போட்டால், திரும்பவில்லை. பூட்டை மாற்றிவிட்டார்கள். உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது என்று யமுனா சொன்னாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாளாம். அப்புறம் சில வாரங்கள் – விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் பாலில்லாத தே ஓ டீ ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, காலையில் அப்படியே வேலைக்குப் போவது.

சரி, ஒத்திகைக்கு வருகிறேன்.

ஓனர் என்றால் ஒரு ரூம் வேண்டுமே? திடீரென்று கற்பனைக்கு எங்கே போவது? வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டேன்.

“மாடி ரூம். ரெண்டு ஜன்னல். பின்னாடி ரம்புத்தான் மரம். அலமாரிக் கதவுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், சொரண்டினாலும் போகாது. அத பாத்துட்டு கொற சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன் அக்கா.”

“சொந்தக்காரங்க வீடு இருக்கும்போது உனக்கு எதுக்கு வாடக ரூம்?”

“வேலைக்குக் கிட்ட வேணும் அக்கா.”

“ரூமுக்கு யார் யார் வருவாங்க?”

“நான் மட்டும்தான். லீவுன்னா தூங்குவேன்.”

“பக்கத்து வீட்டுல கேட்டா நான் என்ன சொல்றது?”

யமுனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பேக்டரில வேல செய்யுற பொண்ணு, மாடில வாடகைக்கு இருக்குன்னு சொல்லுங்க அக்கா. அதுல பொய் ஒன்னும் இல்லையே.”

எல்லாரும் கை தட்டினார்கள். ஒத்திகையின் இரண்டாம் பாதியில் யமுனா என்னைக் கேள்வி கேட்க வேண்டும். “அவங்க மட்டுந்தான் கேக்கணுமா? நீங்களும் கேக்கணும்” – இது சாந்தி அக்காவின் சட்டம். யமுனா கேட்டாள். “ரூமுக்கு உள்ளேருந்து பூட்டு இருக்கா அக்கா? சாவி வேற யாருகிட்ட இருக்கும்?”

நான் வேஷத்தில் ஊறிப்போயிருந்தேன். “வீடு என்னுது. பூட்டு எதுக்கு உனக்கு?”

சாந்தி அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். “இப்படி ஒரு பதில் வந்தா, நன்றி சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடணும். எவ்ளோ நல்ல ரூமா இருந்தாலும் சரி. புரிஞ்சுதா?”

யமுனா எழுந்து, நன்றி அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுபடியும் கைதட்டல். “நெஜ ஓனரெல்லாம் உங்ககிட்ட தோத்துடுவாங்க” என்று சாந்தி அக்கா என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குக் காடி ஓட்டி வரும்போதுதான் இடித்தது. யாரும் எனக்கு வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. அவ்வளவு கேள்விகளும் எனக்குள்ளேயே ரெடியாக இருந்திருக்கின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே ரூம் பார்க்கப் போனோம். யமுனாவும் நானும், என் காடியில்.

முதல் வீடு ஜெலுத்தோங்கில். ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் அவர் மனைவியும். உட்கார வைத்துக் குடிக்க மைலோ கொடுத்தார்கள். “நிபோங் திபாலா? என் மச்சான் அங்கதான் இருக்கான்” என்று பெரியவர் குஷியாகப் பேசினார். யமுனா ஐ.சி.யை நீட்டினாள். படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“வூட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு நாளைக்கு போன் பண்றேன்மா.”

வூட்டம்மா பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாவது வீட்டில், ரூம் நேற்றே போய்விட்டது என்றார்கள். கேட்டில் போர்டு இருக்கிறதே என்று நான் கேட்டேன். கழற்ற மறந்துவிட்டதாம். அந்த அம்மா வாசல் வரை வந்து, வெயிலாக இருக்கிறது பார்த்துப் போங்கள் என்று வழியனுப்பினார்.

ஒருவரும் திட்டவில்லை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நாங்கள் ஒத்திகை பார்த்ததெல்லாம் கெட்ட ஓனருக்கு. அவர்கள் அவ்வளவு நல்லவர்கள்! மைலோ கொடுத்துவிட்டு இல்லை என்பவரிடம் என்ன பதில் பேசுவது? எனக்கு அவ்வளவு கோபம். அதைக் காட்டுவதற்குத்தான் ஆளில்லை.

திரும்பும் வழியில் யமுனா ஐ.சி.யைப் பைக்குள் வைத்தாள். அப்புறம், “மாசக் கடைசியோட எனக்கு மூனு மாசம் முடியுது அக்கா. என் கட்டிலுக்கு ஈப்போலேருந்து ஒரு புள்ள வருது” என்றாள். “பாவம், அதுவும் இப்ப மாமாக் கடையிலதான் உக்காந்திருக்காம்.”

நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா… அன்னைக்கு ஒரு ரூம் சொன்னீங்களே. அந்த அலமாரில என்ன ஸ்டிக்கர்?”

“டால்பின்” என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் சொல்லிவிட்டது.

யமுனா லேசாகச் சிரித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆமாம், அது என் வீட்டு மாடி ரூம்தான். குளுகோரில், பேக்டரி பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரம். மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து அங்கே ஒரு உடற்பயிற்சி சைக்கிளும், காயப்போட்ட துணியும்தான் குடியிருக்கின்றன. ‘இந்த அம்மாவுக்கு இது முன்னாடியே தோன்றவில்லையா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சத்தியமாகத் தோன்றவில்லை. ஊரெல்லாம் சுற்றி அடுத்தவர் வீட்டில் ரூம் தேடினேனே தவிர, என் வீட்டுப் படி என் நினைவுக்கே வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

கணவரிடம் சொன்னேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்.

“பக்கத்து வீட்டுல கேட்டா நான் என்ன சொல்றது?”

ஒரு எழுத்து மாறாமல் என் வசனம்! யமுனாவின் பதிலை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். பேக்டரியில் வேலை செய்யும் பெண், மாடியில் வாடகைக்கு இருக்கிறது. அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அது சரிதான்” என்றார். “அந்த சைக்கிள மொதல்ல கீழ எறக்கணும்.”

மகளுக்குப் போன் போட்டேன். அவளுக்கு முழு சம்மதம். டால்பினை மட்டும் யாரும் சுரண்டக் கூடாதாம்.

நேற்று சாந்தி அக்காவும் யமுனாவும் வந்தார்கள். நான் ரூமைக் கழுவித் துடைத்து, புதுத் திரை போட்டு, கேசரி கிண்டி வைத்திருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன் – யமுனா கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். ‘அழாதேம்மா’ என்று சொல்லக்கூடத் தயாராக இருந்தேன்.

யமுனா அழவில்லை. இரண்டு ஜன்னலையும் திறந்து மூடினாள். அலமாரியைத் திறந்து, டால்பினை விரலால் தொட்டுப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாடகை கேட்டாள்.

“உன்னால முடிஞ்சத குடும்மா” என்றேன்.

“அப்படி வேணாம் அக்கா. இந்தத் தாமான் வீடுங்கள்ல ஒரு ரூமுக்கு மத்தவங்க என்ன குடுக்குறாங்களோ அத சொல்லுங்க.”

சொன்னேன். சரி என்றாள். அப்புறம் கதவுப் பக்கம் பார்த்தாள்.

“உள்ளேருந்து பூட்டு இல்லையே அக்கா.”

இல்லைதான். மகள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், கோபம் வந்தால் கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டு சாப்பிட வரமாட்டாள். ஒருநாள் கணவர் பூட்டையே கழற்றிவிட்டார். அந்த இடத்தில் ஒரு வட்ட ஓட்டை. வருஷக்கணக்காக அது என் கண்ணில் பட்டதே இல்லை.

“நம்ம வீடுதானம்மா. பூட்டு எதுக்கு உனக்கு?”

இந்த முறை யாரும் என்னை நடிக்கச் சொல்லவில்லை.

சாந்தி அக்கா என்னையே பார்த்தார். யமுனா தட்டைக் கீழே வைத்தாள். பாதிக் கேசரி அப்படியே இருந்தது. நன்றி அக்கா என்றாள். எழுந்தாள். சொல்லிக் கொடுத்தபடி, குரல் நடுங்காமல். மாசக் கடைசி நெருங்கிவிட்டது, கையில் வேறு ரூம் இல்லை, அவள் போய்ப் பார்த்த வீடுகளிலேயே இது ஒன்றுதான் வா என்று கூப்பிட்ட வீடு. இருந்தும் எழுந்துவிட்டாள்.

பூட்டு மாறிப்போன கதவின் முன்னால் நின்றவள் அவள். யார் வேண்டுமானாலும் தள்ளித் திறக்கலாம் என்கிற ரூம், அவளுக்கு எப்படி ரூம் ஆகும்? பாசத்தோடு சொன்னால் மட்டும் அந்தப் பேச்சு நல்ல பேச்சாகிவிடுமா?

மாடிப்படியில் நின்றிருந்த கணவர்தான் பேசினார். அதிகம் பேசாத மனிதர்.

“பூட்டு போட்டுடலாம்மா. ரெண்டு சாவியும் உன்கிட்டயே இருக்கட்டும். எங்களுக்கு வேணாம்.”

யமுனா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வேகமாகத் தலையாட்டினேன்.

“சரி அங்கிள். பூட்டு போட்டதும் சொல்லுங்க. வந்து பாத்துட்டு சொல்றேன்” என்றாள். அப்புறம் உட்கார்ந்து, மிச்சக் கேசரியைச் சாப்பிட்டு முடித்தாள்.

நாளைக் காலையில் பூட்டுக்காரர் வருகிறார். சாயங்காலம் யமுனா வருகிறாள்.

தண்ணீர்மலை முருகனிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் – அவளுக்கு இந்த ஓனரைப் பிடிக்க வேண்டும்.