மாஷோஸியோட அம்பத்திரண்டு வெள்ளிக்கிழமை

அம்பத்திரண்டு. இந்த நம்பர மனசுல வச்சுக்குங்க. மத்ததெல்லாம் மறந்து போனாலும் பரவாயில்ல.

தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல ஜேக்கப்ஸ் பக்கம் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற ஃபேக்டரி ஒண்ணு இருக்கு. அதுல மூணாவது லைன்ல, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின்ல, பதினெட்டு வருஷமா உக்காந்திருக்கிறவங்க பஜபுலிலே ஷோஸி. எல்லாரும் கூப்பிடுறது மாஷோஸி. வயசு நாப்பத்தேழு. நான் அந்த வட்டாரத்துல இருபத்திரண்டு வருஷம் யூனியன் வேல பாத்தவன். பெரிய பெரிய தலைவருங்களப் பத்தி நெறைய நோட்டீஸ் எழுதியிருக்கேன். அதுல பாதிய இப்ப எடுத்துப் படிச்சா எனக்கே வெக்கமா இருக்கு. மாஷோஸியப் பத்தி எழுத வேண்டியத அப்ப எழுதல. இப்ப எழுதறேன்.

மொதல்ல அவங்க பேரு கெட்ட கதைய சொல்லணும். அது தெரியலன்னா மீதி புரியாது.

2015ல அவங்க தம்பி பெக்கானி வந்து நின்னான். "அக்கா, எனக்கு சம்பளச் சீட்டு கெடையாது, உனக்கு இருக்கு. உன் பேர்ல ஒரு போன் எடுத்துக் குடு, மாசா மாசம் நான் கட்டிடறேன்"னான். நம்ம ஊர்ல ஒரு குடும்பத்துல ஒருத்தர் கையில சம்பளச் சீட்டு இருந்தா, அது மொத்தக் குடும்பத்தோட சீட்டு. மாஷோஸி போன் கம்பெனி கான்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டாங்க. ரெண்டு வருஷம், மாசா மாசம் ஒண்ணாந்தேதி கம்பெனிக்காரன் பேங்க்ல இருந்து தானா எடுத்துக்குவான்.

தம்பி மூணு மாசம் குடுத்தான். அப்புறம் காணோம். சரி, மாஷோஸியே கட்டிடலாம்னுதான் இருந்தாங்க. கட்டுற அளவுக்கு சம்பளமும் இருந்துச்சு. ஆனா தையல் ஃபேக்டரில சம்பளம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. ஒண்ணாந்தேதி புதன்கிழமையில வந்தா, போன வெள்ளிக்கிழமை காசு ஷேர் டாக்ஸிக்கும் மாவுக்கும் சாவுச் செலவுக்குச் சேக்குற சங்கத்துக்கும் போயிருக்கும், அடுத்த வெள்ளிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கும். அன்னிக்கி பேங்க்ல ஒண்ணும் இருக்காது. கம்பெனி கைய விடும், வெறுங்கையா திரும்பும். திரும்புனதுக்கு பேங்க் தனியா ஒரு வெட்டு வெட்டும். பதினாலு மாசத்துல ஒம்போது தடவ இப்பிடி. பேரு கறுப்புப் பட்டியல்ல ஏறிடுச்சு.

அதுக்கப்புறம் ஒரு கடையில அலமாரி கூட கடனுக்குக் கெடைக்கல. அஞ்சு வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கட்டி, 2021ல கடன் முடிஞ்சதுன்னு ஒரு கடுதாசி வாங்குனாங்க. பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அடையாள அட்டையோட வச்சிருக்காங்க. எனக்கு ஒரு தடவ காட்டுனாங்க. கைய நல்லா தொடச்சிட்டுத்தான் தொட விட்டாங்க.

இனி 2023 மே மாசத்துக்கு வாங்க.

மாஷோஸியோட பழைய போன் செத்துப் போச்சு. போன் இல்லாம அந்த ஃபேக்டரில பொழைக்க முடியாது. ஸ்கூல் தொறக்கிற சீசன் முடிஞ்சா ஆர்டர் கொறையும், ஷார்ட் டைம் ஆரம்பிக்கும். வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள்தான் வேல, மீதி நாள் வீட்டுக்குப் போங்கன்னுடுவாங்க. திங்கக்கிழமை யாரு வரணும், யாரு வரக்கூடாதுன்னு ஞாயித்துக்கிழமை வாட்ஸ்அப்ல வரும். போன் இல்லாத மாஷோஸி ஒரு திங்கக்கிழமை ரெண்டு டாக்ஸி மாறி வந்து பூட்டுன கேட்ட பாத்துட்டுத் திரும்பினாங்க. அடுத்த வாரம் வரச் சொன்னது தெரியாம வீட்லயே இருந்துட்டாங்க. மூணாவது தடவ ஆனா வேலையே போகும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை ஃபேக்டரி கேட்ல ஒரு போன் கம்பெனி நீலக் கொடை விரிச்சு மேசை போட்டுது. லுவாண்டிலேன்னு ஒரு பையன், நல்ல சட்டை, இனிப்பான பேச்சு. மாஷோஸி அடையாள அட்டைய நீட்டுனாங்க. அவன் நம்பர் அடிச்சான். எட்டு வருஷம் கழிச்சு அந்தப் பேர ஒரு மெஷின்ல போட்டுப் பாக்குறாங்க. வரிசையில பின்னாடி நின்னவங்க எல்லாம் கழுத்த நீட்டிப் பாத்தாங்க.

"பச்சையா வந்திருச்சும்மா. உங்க பேரு சுத்தமா இருக்கு. ஒண்ணு என்ன, ரெண்டு போனே தரலாம்"னான்.

பக்கத்து மெஷின் கோகி நாயக்கர் இருக்காளே, அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "ரெண்டா? ஒரு காதுக்கு ஒண்ணா? மாஷோஸி, இனிமே உன்கிட்ட பேசணும்னா நாங்க அப்பாயின்ட்மென்ட் வாங்கணும் போல."

மாஷோஸி சிரிக்கல. ஸ்க்ரீனயே பாத்துட்டு நின்னாங்க. மாசம் முன்னூத்தி தொண்ணூத்தொம்போது ராண்ட், இருபத்து நாலு மாசம். பளபளன்னு போன். பேனாவ கையில எடுத்தாச்சு.

"தம்பி, காச எந்த நாள் எடுப்பீங்க?"

"ஒண்ணாந்தேதிம்மா. வேணும்னா பதினஞ்சு, இல்ல இருபத்தஞ்சு."

"எங்களுக்கு வெள்ளிக்கிழமை சம்பளம். நாலு வெள்ளிக்கிழமையா பிரிச்சு எடுக்க முடியுமா?"

"சிஸ்டத்துல அது இல்லம்மா."

"சிஸ்டத்த யாரு செஞ்சது?"

"அது... மேல ஜோஹானஸ்பர்க்ல."

"அவங்களுக்கு மாசச் சம்பளமா?"

"ஆமாம்மா."

"அப்பிடித்தான் இருக்கும்"னு சொல்லி பேனாவ மேசை மேல வச்சாங்க. "திங்கக்கிழமை சொல்றேன்."

அன்னிக்கி அவங்களப் பாத்து வரிசையில இருந்த நாப்பது பேரும் கையெழுத்து போடல. லுவாண்டிலே நிரப்பாத ஃபாரத்தோட நின்னான். நல்ல பையன்தான், அவன் மேல தப்பில்ல.

ஞாயித்துக்கிழமை பெக்கானி வந்துட்டான். சேதி எப்பிடி பறந்துச்சோ. தட்டுல சோள மாவு ஃபுத்துவும் புளிச்ச பாலும் போட்டுக் குடுத்தாங்க. வாய் நெறைய வச்சிக்கிட்டே ஆரம்பிச்சான்.

"அக்கா, ரெண்டு போன் தர்றாங்களாமே. ஒண்ணு எனக்கு எடு. இந்த தடவ கரெக்டா கட்டிடுவேன்."

"போன தடவயும் இதே வாய்தான் சொல்லிச்சு."

"அப்ப எனக்கு வேல இல்ல."

"இப்ப இருக்கா?"

"தேடிட்டு இருக்கேன்." கொஞ்ச நேரம் மென்னான். "சுத்தமான பேரு, சுத்தமான பேருங்கற. அத வச்சு என்ன பண்ணப் போற? ஃப்ரேம் போட்டு மாட்டப் போறியா?"

"ஆமா. உன் ஃபோட்டோவுக்குப் பக்கத்துல. பாலு இன்னும் வேணுமா?"

அவன் வாங்கிக் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போனான். போன் பேச்சு அதோட முடிஞ்சுது.

அன்னிக்கி சாயங்காலம் கோகியும் மாஷோஸியும் எங்க வீட்டுக்கு வந்தாங்க. இன்னொரு வழியும் இருந்துச்சு. இசிபிங்கோல ஃபரீதா காஜியோட போன் கடை. தவணைக்கு போன். வாரம் தொண்ணூத்தஞ்சு ராண்ட், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையிலயே கட்டணும், அம்பத்திரண்டு வாரம். ஒரு வாரம் தவறுனா சனிக்கிழமை காலைல போன் தானா பூட்டிக்கும். கட்டுற வரைக்கும் அது வெறும் கண்ணாடி. ரெண்டுல எது எடுக்கணும், இதான் கேள்வி.

நான் யோசிக்கவே இல்ல. "பூட்டுற போனா? பகல் கொள்ள! மூவாயிரத்து எரநூறு ராண்ட் போன நாலாயிரத்து தொள்ளாயிரத்து நாப்பதுக்கு விக்கிறாங்க. நானே நோட்டீஸ் போட்டிருக்கேன் அதப் பத்தி. கான்ட்ராக்ட்ட எடுங்க, அதுக்காவது சட்டம் இருக்கு"ன்னேன்.

"அண்ணே, அந்த நோட்டீஸ் எங்க வீட்ல இருக்கு. மீன் சுத்திக்கிட்டு வந்துச்சு"ன்னா கோகி.

மாஷோஸி கேட்டாங்க: "அண்ணே, வருஷத்துல எத்தன ஒண்ணாந்தேதி?"

"பன்னெண்டு."

"எத்தன வெள்ளிக்கிழமை?"

செவுத்து காலண்டரத் திரும்பிப் பாத்தேன். "அம்பத்திரண்டு."

"அந்தப் பன்னெண்டு நாள்ல பாதிக்கு மேல எங்க கையில காசு இருக்காது. இந்த அம்பத்திரண்டு நாள்லயும் இருந்துச்சு. நான் ஏமாத்துனதால பேரு கெடல. வேற ஆளுங்க காலண்டர்ல கையெழுத்து போட்டதால கெட்டுச்சு."

இருபத்திரண்டு வருஷம் சம்பளத்தப் பத்தி பேசுனவன் நான். அது எந்த நாள் கைக்கு வருதுன்னு ஒரு தடவ கூட யோசிக்கல.

"அப்ப பூட்டு?"ன்னு கேட்டேன்.

"அதத்தான் பேசப் போறேன். ஷார்ட் டைம் வந்தா வெள்ளிக்கிழமை சம்பளமும் பாதிதான் வரும். அப்ப போன் பூட்டுனா, ஞாயித்துக்கிழமை சேதி வராது. சேதி வரலன்னா திங்கக்கிழமை வேல இல்ல. வேல இல்லன்னா பூட்டு தொறக்காது. அந்த ஒரு எடத்த சரி பண்ணிட்டா போதும்."

திங்கக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, துணி வெட்ட அச்சு போடுற பழுப்புப் பேப்பர் துண்டு ஒண்ணுல பேரு எழுதி வாங்குனாங்க. நாப்பத்தோரு பேரு. அன்னிக்கே சாயங்காலம் இசிபிங்கோ போனாங்க. நானும் பின்னாடி போய் கதவோரமா நின்னேன். யாரும் என்னப் பேசச் சொல்லல.

ஃபரீதா காஜி கெட்டிக்காரி. பேப்பரப் பாத்தாங்க, கண்ணாடிய எறக்கிப் பாத்தாங்க.

"நாப்பத்தோரு போனா? நல்ல விஷயம். ஆனா பூட்டு எடுக்க மாட்டேன். போன வருஷம் மட்டும் பதினாறு பேரு காணாமப் போனாங்க. எதிர்ல வந்தா ரோட்ட மாறிப் போறாங்க. பூட்டு இருந்தா நான் யார் பின்னாலயும் ஓட வேண்டியதில்ல."

"பூட்ட எடுக்க வேணாம்"னாங்க மாஷோஸி. "வேல இருந்து கட்டலன்னா பூட்டுங்க. நானே சரின்னு சொல்றேன். ஷார்ட் டைம் வாரத்துல மட்டும் பூட்டாதீங்க. அந்த வாரத்த கடைசியில சேத்துக்குங்க. ஒரு ராண்ட் கூட கொறைய வேணாம்."

"ஷார்ட் டைம்னு நீங்க சொல்லுவீங்க. நெசமான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

மாஷோஸி பையில இருந்து ஒரு தாள எடுத்தாங்க. போன வருஷத்து ஷார்ட் டைம் கடுதாசி. ஃபேக்டரி முத்திரை, மேனேஜர் கையெழுத்து, எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும்னு எல்லாம் இருந்துச்சு. "இத எங்களுக்குக் குடுக்காம அவங்க வேலைய நிறுத்த முடியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொண்டு வந்து காட்டுறோம்."

"மேனேஜர் உங்களுக்காக பொய்யா எழுதிக் குடுத்தா?"

கோகி சிரிச்ச சிரிப்புல கடையில இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. "மேடம், அந்த ஆளு எனக்கு டாய்லெட் போகவே சீட்டு எழுதித் தர மாட்டான்."

ஃபரீதாவும் சிரிச்சிட்டாங்க. அப்புறம் பேரம். அவங்க ரெண்டு வாரம்னாங்க, மாஷோஸி எட்டுன்னாங்க. நாலுல நின்னுது. மாஷோஸி விடல. "எழுதிக் குடுங்க. வாயால சொன்னது வேணாம்." தவணைப் பேப்பர்ல கடைசி வரியா கையாலயே எழுதுனாங்க: ஃபேக்டரி கடுதாசி காட்டுன வாரத்துல பூட்டு இல்ல, நாலு வாரம் வரைக்கும். நாப்பத்தோரு பேப்பர்லயும் எழுதுனாங்க. ஃபரீதாவுக்குக் கை வலிச்சுப் போச்சு, பாதிக்கு மேல அவங்க மகள் எழுதுனா.

நீலக் கொடைப் பையன் அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தான். மாஷோஸி தன் புதுப் போன அவனுக்குக் காட்டுனாங்க. சின்ன போன், ஒரு ஓரத்துல வெளிச்சம் மங்கல். "உங்க பேருக்கு இதவிட நல்லது கெடைச்சிருக்கும்மா"ன்னான். "என் பேருக்கு இதுதான் நல்லது தம்பி"ன்னுட்டுப் போனாங்க. அவங்களுக்கு ஆச இல்லன்னு நெனைக்காதீங்க. பச்சையா வந்த அந்த ஸ்க்ரீனப் பத்தி இன்னிக்கும் பேசுவாங்க.

ஜூன் ரெண்டாவது வாரம், இங்க அது குளிர்காலம், மறுபடியும் ஷார்ட் டைம் வந்துது. அந்த வெள்ளிக்கிழமை நாப்பத்தோரு பேரும் கடை வாசல்ல வரிசையா நின்னாங்க. கட்டுறதுக்கு இல்ல, கடுதாசியக் காட்டுறதுக்கு. ஒருத்தரும் பதுங்கல. வராதவங்க வீட்டுக்கே போய் மாஷோஸி கூட்டிட்டு வந்தாங்க. "காசு இல்லன்னா மொகத்த காட்டணும். மொகத்த மறச்சாத்தான் திருடி"ன்னாங்க.

ரெண்டாவது வாரம் வரிச. மூணாவது, நாலாவது. நாலோட பேப்பர்ல எழுதுனது முடிஞ்சு போச்சு. ஃபேக்டரி முடிக்கல. அஞ்சாவது வெள்ளிக்கிழமை மாஷோஸி மொத ஆளா நின்னாங்க. ஒரு கையில கடுதாசி, இன்னொரு கையில தொண்ணூத்தஞ்சு ராண்ட். அந்த வாரம் வீட்ல மீன் கெடையாது, கறி கெடையாது, எனக்குத் தெரியும்.

"நாலு வாரம் முடிஞ்சிருச்சு. என்னோடது இந்தாங்க"ன்னாங்க. "இவங்கள்ல கட்ட முடியாதவங்க இருக்காங்க. பூட்டுறது உங்க உரிம. நான் தகராறு பண்ண மாட்டேன்."

ஃபரீதா வரிசைய ஒரு தடவ எட்டிப் பாத்தாங்க. தெருமுன வரைக்கும் நின்னுது. "முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். காசு இல்லன்னு சொல்றதுக்கு வரிசையில நின்ன ஆளுங்கள இப்பதான் பாக்குறேன். காச உள்ள வைங்க மாஷோஸி. அடுத்த வாரமும் கடுதாசி கொண்டு வாங்க."

ஆறு வாரம் ஓடுச்சு. ஜூலை கடைசில மெஷின் எல்லாம் திரும்பச் சத்தம் போட ஆரம்பிச்சுது. அம்பத்திரண்டோட ஆறையும் சேத்து, அம்பத்தெட்டாவது வெள்ளிக்கிழமை நாப்பத்தோரு பேரும் கடன் முடிஞ்ச கடுதாசி வாங்குனாங்க. மாஷோஸியோடது அதே பிளாஸ்டிக் கவர்ல, பழைய கடுதாசிக்கு மேல இருக்கு. ஃபரீதா கடையில அந்தக் கடைசி வரிய இப்ப அச்சுலயே போடுறாங்க. நாலு வாரம்னு இல்ல, ஆறுன்னு.

அந்தக் குளிர்காலத்துல பூட்டுன போன்: சைபர்.