பல்கனிக் காகங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் தண்ணீர்த் தாங்கிக்குள் ஒருநாள் செத்த காகம் கிடந்தது. அன்றிலிருந்து குடியிருப்போர் சங்கத்துக்குக் காகம்தான் பிரச்சினை. விலங்குகள் எப்படி நடமாடுகின்றன, எப்படிக் கூட்டமாகின்றன என்று கணினியில் செய்து பார்ப்பது என் வேலை. "காகத்துக்குக் கணக்குப் பாக்கவும் சம்பளம் தாறாங்களோ?" என்று லிப்டில் நக்கலடிக்கும் செயலாளரே வீடு தேடி வந்தார். "ஏன் இஞ்ச வருதுகள் எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ." எனக்குச் சரியான புளுகம், சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை.

இரண்டு கிழமை காகங்களைக் கவனித்து, அவை வந்திருந்த இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்துப் படம் வரைந்தேன். புள்ளிகள் நெருக்கமாக விழுந்தது பக்கத்து வீட்டு அக்காவின் பல்கனியில். கொரோனாக் காலத்தில் இறந்துபோன கணவரின் முகத்தைக்கூட அவருக்குக் காட்டவில்லை. அன்றிலிருந்து மத்தியானத்தில் கம்பியில் ஒரு பிடி சோறு வைப்பார். காகம் எடுத்த பிறகுதான் சாப்பிடுவார்.

கணினிக் காகங்களுக்கு நான் கொடுத்தது ஒரே விதி. கொஞ்சத் தூரம் பற. பிறகு அக்கம்பக்கத்தில் எங்கே காகம் அதிகமோ அங்கே திரும்பு. கணினியில் சோறு என்று ஒன்றை நான் வைக்கவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கூட்டம் சேர்ந்தது, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். எங்கே சேரும் என்பது காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். சேர்ந்துவிட்டால் இலேசில் கலையாது.

சங்கக் கூட்டத்தில் சிவப்புப் படத்தை முதலில் காட்டியது என் பிழை. "அப்ப சோறுதான் காரணம்" என்றார் செயலாளர். "பல்கனியிலை சோறு வைக்கிறதை நிப்பாட்டவேணும் எண்டவை கையை உயர்த்துங்கோ." பொறுங்கள், சோறில்லாமலே கூடிய கணினிக் காகங்களின் படமும் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று, பிறகு வரிசை முழுவதும். என் கையும் உயர்ந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. அடுத்த கதிரையில் இருந்த அக்காவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா சோறு வைப்பதை நிறுத்தினார். ஒரு மாதமாகியும் காகங்கள் அதே கம்பியில்தான் இருந்தன. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது இதுதான். தாங்கிக்குப் புது மூடி போட்டார்கள், அதை முதல் நாளே செய்திருக்கலாம். அதன் பிறகு காகத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. தடை மட்டும் அப்படியே கிடந்தது.

ஒரு மத்தியான வெயிலில் அக்கா சாப்பாட்டுப் பெட்டியோடு ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைப் பாறைக்குப் போவதைக் கண்டேன். மனம் கேட்காமல் பின்னால் போனேன். பாறையில் சோற்றை வைத்துவிட்டு நெடுநேரம் நின்றார். ஒரு காகம் கொத்திய பிறகு பாதைப் பக்கம் திரும்பினார். கோட்டை ரயில் நிலையப் பக்கமிருந்து ரயில் வந்ததை அவர் கவனிக்கவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன். ரயில் போன பிறகுதான் கையை விட்டேன்.

அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சோறு இல்லாமலும் காகம் கூடும், அது எனக்கு அன்றைக்கே தெரியும், பயத்தில் வாயை மூடிக்கொண்டேன் என்று.

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார்.

"எனக்குக் காகத்தைப் பற்றி என்ன தெரியும் தம்பி? படிச்ச பிள்ளை, தெரிஞ்சுதானே செய்யும் எண்டு, உங்களைப் பார்த்துத்தான் நானும் கையை உயர்த்தினனான்."