மோட்டார் வீட்டில் யார் எந்தப் பக்கம்?

நான் நூற்று முப்பத்தொரு ராத்தல் எடை.

ஒரு கல்யாணமாகாத பெண் இதைப் பத்திரிகையில் எழுதலாமா? கூடாதுதான். ஆனால் போன புதன்கிழமைக்குப் பிறகு இதை மறைத்து என்ன பிரயோஜனம்? டிரைவருக்குத் தெரியும், கம்பவுண்டருக்குத் தெரியும், அன்னபாக்கியம் அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் ஜில்லாவுக்கே தெரிந்த மாதிரி.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று வருஷம் படித்து, பிரசவப் பரீட்சையும் தேறியவள். பட்டியல் போடாமல் எதையும் செய்ய வராது. "இவ தும்மதுக்கு முன்னாலயும் ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போடுவா" என்று என் தாயார் சொல்வது உண்டு.

இந்த வருஷம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு மோட்டார் வீடு கிடைத்தது. பழைய லாரி ஒன்றின் மேல் தக்கலை ஆசாரிமார் பலகையால் ஓர் அறையே கட்டிக் கொடுத்தார்கள். உள்ளே இடது பக்கம் ஒரு கட்டிலும் மருந்து அலமாரியும். வலது பக்கம் ஒரு நீள பெஞ்சு. மூலையில் ஸ்டவ், தண்ணீர்ப் பீப்பாய். வாரத்தில் நான்கு நாள் ஊர் ஊராகப் போய் அதிலேயே சமையல், அதிலேயே வைத்தியம். பெண்களுக்கு அதிலேயே படுக்கை. ஆண்களுக்குப் பள்ளிக்கூடத்து வராந்தா.

நிற்கும்போது அது வீடு. ஓடும்போது...? முதல் வாரமே விளக்கெண்ணெய் போத்தல் சர்க்கரை டப்பாவில் கவிழ்ந்தது. இடுக்கி ஒன்று பறந்து வந்து கம்பவுண்டர் ஞானசிகாமணியின் காதை உரசிப் போனது. அக்கா எழுந்து நின்று ஜெபம் செய்தார். டிரைவர் பிரேக் போட்டார். ஜெபம் ஆமென் வரை போகவில்லை.

சும்மா இருப்பேனா? பதினான்கு விதிகள் எழுதிக் கதவில் ஒட்டினேன். வண்டி ஓடும்போது யாரும் எழும்பக் கூடாது. அடுப்பு அணையாமல் சக்கரம் உருளக் கூடாது. கட்டிலில் படுத்த நோயாளியைக் கச்சையால் கட்ட வேண்டும். கத்தி, கத்திரிக்கோல் எல்லாம் பெட்டியில்; பெட்டிக்குப் பூட்டு; சாவி டிரைவரிடம். இப்படிப் போகும்.

அப்போதுதான் டிரைவர் தங்கப்பன் சொன்னார். "நர்சம்மா, வண்டி இடத்த பக்கமா சாயுது. அந்தப் பக்கத்து டயரப் பாருங்க, வழுக்கத் தல மாதிரி ஆயிட்டு."

காரணம் சீக்கிரமே புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் இருப்போம் இல்லையா? அந்தப் பழக்கம் வண்டியிலும் ஏறிவிட்டது. கம்பவுண்டர் வலது பெஞ்சில் தனி ராஜாவாக இருக்க, அக்காவும் நானும் அலமாரியும் பீப்பாயும் இடது பக்கம்.

எல்லோரையும் எடை போட்டு, அதன்படி இடம் கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஆஸ்பத்திரித் தராசை வெளியே கொண்டுவந்து வைத்தோம்.

"மனுசிய எட போடதுக்கு நான் என்ன மரச்சீனிக் கிழங்கா மக்கா?" என்றார் அக்கா. வேதம் வாசித்துக் கொடுக்க வீடு வீடாகப் போகிறவர். ஊரில் மதிப்பான ஆள்.

"ஏறுங்க அக்கா, நாங்க யாருட்டயும் சொல்ல மாட்டோம்" என்றார் கம்பவுண்டர். அக்கா ஏறினார். "நூத்தி நாப்பத்தி ரெண்டு!" என்று கம்பவுண்டர் போட்ட சத்தத்தில் வெளி நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாள் அக்கா அவரோடு பேசவில்லை. என் கணக்கோ இருவரையும் ஒரே பெஞ்சில் இருத்தியது. மரியாதைக்கு நடுவில் ஓர் அரிசிச் சாக்கை வைத்தேன்.

பீப்பாயும் வலது பக்கம் போனது. கட்டில், அலமாரி, நான் — இடது பக்கம். என் எடை? நூற்று நான்கு என்று எழுதிக்கொண்டேன். நான் தராசில் ஏறவில்லை. ஏன் ஏற வேண்டும்? பயிற்சியில் சேர்ந்த அன்று எடுத்த எடை நன்றாக நினைவில் இருந்தது. இடையில் நாலு வருஷமாக எங்கள் ஆஸ்பத்திரிச் சமையற்காரி தேங்காய் அரைத்து வைத்த குழம்பு நினைவுக்கு வரவில்லை.

விதி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தராசுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கிறார்கள். கவனித்திருக்கிறீர்களா?

புதன்கிழமை இராஜாக்கமங்கலம் பக்கம் முகாம். மத்தியானம் ஒரு வாலிபர் மணலில் ஓடி வந்தார். பெயர் அந்தோணி. ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் கடத்து வள்ளம் ஓட்டி ஆட்களை அக்கரை சேர்க்கிறவர். அவர் மனைவி பிலோமினாளுக்கு முதல் பிரசவம். முந்தின நாள் மாலையிலிருந்தே வலி.

போய்ப் பார்த்தேன். குழந்தையின் தலை திரும்பி நின்றது. என் கையால் ஆகாது. டாக்டரம்மா வேண்டும், குழந்தையை எடுக்க ஆயுதம் வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரி போகாவிட்டால் இரண்டு உயிருக்கும் நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. அதை அந்தோணியிடம் அப்படியே சொன்னேன். அவர் உடனே மனைவியைப் பாயோடு தூக்கினார்.

கட்டிலில் கிடத்தி, கச்சை போட்டு, நாலு முடிச்சுப் போட்டேன். அந்தோணியை வலது பெஞ்சில் இருக்கச் சொன்னேன். அவர் இருந்தபடியே எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். வள்ளத்தில் ஏறுகிறவர்களை அப்படித்தான் பார்ப்பாராயிருக்கும்.

"நர்சம்மா இஞ்ச வந்து இருங்க. அந்தப் பக்கம் கனம் கூடிப் போச்சு."

"கணக்குப் போட்டாச்சு" என்று பட்டியலைக் காட்டினேன். "அவளையும் உங்களையும் சேர்த்துக்கூடப் பார்த்துவிட்டேன். சரியாக வருகிறது. நான் நூற்று நான்கு ராத்தல்."

அவர் பட்டியலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அது எப்போ நர்சம்மா?"

கம்பவுண்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அக்காவுக்கோ இரண்டு நாள் மௌனம் கலைந்துபோயிற்று. "நானும் நெனச்சேன்" என்றார்.

நான் அசையவில்லை. படித்தவள் இல்லையா?

பாதி வழியில் ஒரு குளத்தங்கரைச் சாலை. முந்தின இரவு மழை. இடது பக்கம் குளம் நிறைந்து கிடக்கிறது. எதிரே வைக்கோல் வண்டி ஒன்று. தங்கப்பன் அதற்கு வழி கொடுத்து இடது ஓரமாக ஒதுக்கினார். வைக்கோல் வண்டி போய்விட்டது. எங்கள் வண்டி ஓரத்தை விட்டு ஏறவில்லை. இடது சக்கரங்களுக்குக் கீழே கரை மண் இளகி, வீடு மெதுவாகத் தண்ணீர்ப் பக்கம் சரிய ஆரம்பித்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"நிறுத்துனா தாழ்ந்து போவும்! ஓடிட்டே இருக்கணும்!" என்றார் தங்கப்பன் முன்னாலிருந்து.

அந்தோணியின் குரல் உயரவே இல்லை. "யாரும் எழும்பாண்டாம். எழும்புனா கவிழும். இருந்த இருப்புலயே இந்தப் பக்கமா நிரங்கி வாங்க. நர்சம்மா முதல்ல."

"வண்டி ஓடும்போது இடம் மாறக் கூடாது" என்று என் வாய் சொன்னது. பன்னிரண்டாம் விதி. சத்தியமாகச் சொன்னேன்.

அந்தச் சமயம் கட்டிலைப் பார்த்தேன். வண்டி குளத்தில் விழுந்தால் நாங்கள் கதவைத் திறக்கலாம், கையைக் காலை அடிக்கலாம். பிலோமினாள்? அவளைக் கட்டிலோடு கட்டியது நான்.

முடிச்சில் கை வைத்தேன். கட்டுப் போடும் பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவது வந்தவள் நான். முடிச்சு அவிழவில்லை. கத்திரிக்கோல் பெட்டியில். பெட்டி பூட்டில். சாவி முன்னால் டிரைவரிடம்.

"நீங்க கத்தியப் பெட்டியில போடச் சொன்னிய. நான் போடல்ல" என்ற அந்தோணி மடியிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து என் கையில் வைத்தார். அறுத்தேன். நாலு முடிச்சையும். அவர் தரையில் இருந்தபடி பாயை இழுக்க, நான் தள்ள, பிலோமினாள் பாயோடு இறங்கி வலது ஓரம் போய்ச் சேர்ந்தாள். அக்கா அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டார்.

அடுத்தது நான். தரையில் உட்கார்ந்து நகர்வது எவ்வளவு கஷ்டம் என்று நாகரிகமானவர்களுக்குத் தெரியாது. பாதியில் புடவைத் தலைப்பு கட்டில் கொக்கியில் மாட்டியது. இழுத்தேன்; கிழிந்தது; தொப்பி கண்ணை மறைத்தது. குருட்டாட்டமாகப் போய் அரிசிச் சாக்கைக் கட்டிப் பிடித்தேன். சாக்கு என்று நினைத்தேன். அது கம்பவுண்டர்.

அதே நிமிஷம் வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி, கெட்டி மண்ணில் ஏறி, நிமிர்ந்தது. எல்லோரும் பிடித்த பிடியை விட்டோம். பிலோமினாள் மட்டும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். வலி அதிகமாகிவிட்டதே என்று பயந்து, மிச்ச வழி முழுதும் அவள் நாடியைப் பிடித்தபடியே வந்தேன். பொழுது சாய்வதற்கு முன் ஆஸ்பத்திரி வாசல். தங்கப்பன் அடித்த ஹாரன் கேட்டு டாக்டரம்மா ஓடி வந்தார்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

அன்று இரவு ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தராசில் ஏறினேன். ஆட்கள் இருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. போகட்டும். இருபத்தேழு ராத்தல் பொய்யோடு ஒரு பிரசவக்காரியைக் குளத்தங்கரையில் கொண்டுபோயிருக்கிறேன். அது என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் அவள் படுக்கைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எடை, முடிச்சு, பூட்டு, பன்னிரண்டாம் விதி... ஒன்றும் விடாமல் வரிசையாக.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கணவனைப் பார்த்தாள். மறுபடி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"ஏட்டி, சும்மா இரி! நர்சம்மா வெசனமா நிக்கியாவ" என்றார் அந்தோணி.

"நான் என்ன செய்யட்டு? நீங்க நிரங்கி வந்து கம்பவுண்டரக் கட்டிப் பிடிச்சியளே நர்சம்மா... அப்பமும் சிரிப்பு அடக்க முடியல்ல. அந்தச் சிரிப்புலதான் எனக்குப் பாதி வலி போச்சு!"

மூன்று வருஷப் படிப்பில் இந்த மருந்தை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.