என் வயிற்றில் வைத்த வலை

நெல்லித்தோப்பில் ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக என் தொப்புளுக்கு மேல் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் இருந்தது. நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். மனைவி கேட்டபோது வாயு என்று சொல்லி வைத்தேன். அவளும் நம்பி, தினமும் மோரில் பெருங்காயம் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் வேலை. பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள், தனியாக இருக்கிறவர். மொத்தம் எட்டு ஜன்னல். ஆறு முடித்துவிட்டு வலைச்சுருளைத் தூக்கினேன். வீக்கம் வெளியே வந்தது. தரையில் படுத்து அழுத்திப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. கல் மாதிரி இருந்தது. வலியில் வாந்தி வந்தது.

டீச்சர் நாற்காலியில் இருந்து எட்டிப் பார்த்தார். ஆண்கள் எல்லோரையும் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். "முசியே, இன்னும் ரெண்டு ஜன்னல்தான பாக்கி?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன் டீச்சர்."

"போயிட்டு வாங்க. அந்தச் சுருளை மட்டும் இங்க விட்டுட்டுப் போகாதீங்க. பூனை கிழிச்சிடும்."

ஆட்டோவையும் அவரே வரவழைத்தார். நாலடிச் சுருள் என் மடியில் குறுக்கே, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்து, சுருளைத் தலைமாட்டில் சுவரோரம் சாத்தினார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும் பெண்மணி. வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"வயித்துச் சுவர்ல ஓட்டை விழுந்து குடல் வெளிய வந்து மாட்டிக்கிச்சு. ரத்த ஓட்டம் நின்னுட்டா அழுகிடும். இப்பவே ஆபரேஷன் பண்ணணும். ஓட்டையை மூடி வலை வெப்போம்."

அதற்குள் என் மனைவி வந்துவிட்டிருந்தாள். வலை என்றதும் சுவரோரம் இருந்த சுருளைப் பார்த்தாள். "இதையா?" என்று கேட்டாள்.

நர்ஸும் அப்போதுதான் அதைக் கவனித்தார். "வெளியிலருந்து வலையெல்லாம் வாங்கிட்டு வரக் கூடாதும்மா. யார் சொன்னது உங்களுக்கு?"

"வாங்கிட்டு வரல. இவரு கடையே வெச்சிருக்காரு" என்றாள் மனைவி, கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டர் சிரிக்கவில்லை. எனக்கோ வலியைவிடத் தொழில் புத்தி முன்னால் நின்றது.

"என்ன மெட்டீரியல் டாக்டர்?"

"பாலிபுரோப்பிலீன். துரு பிடிக்காது."

"வலைக்கண்ணு சின்னதா, பெருசா?"

"பெருசாத்தான் இருக்கும்."

"பெருசா இருந்தா உள்ள பூந்துடுமே."

"பூரணும். உங்க சதை அந்தக் கண்ணுக்குள்ள வளர்ந்து வலையைப் பிடிச்சிக்கணும்."

முப்பது வருடத் தொழிலில், ஏதாவது உள்ளே புகுவதற்காக யாரும் என்னிடம் வலை கேட்டதில்லை.

அதன் பிறகு அவர் எங்கள் இருவரையும் பார்த்து மெதுவாகச் சொன்னார். "திறந்து பார்த்துட்டுதான் முடிவு பண்ண முடியும். குடல் நல்லா இருந்தா வலை வெப்பேன். அழுகியிருந்தா அந்தத் துண்டை வெட்டணும். அப்ப அந்த இடம் அசுத்தமாயிடும், வலையில சீழ் பிடிக்கலாம். தையல் மட்டும் போட்டு விட வேண்டியிருக்கும். ஆனா தையல் மட்டும்னா திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்."

மனைவி என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு, "இவரு வாயுன்னு சொன்னாரு டாக்டர்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அன்று முழுக்க, வலியைவிட வெட்கம் பெரிதாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

கையெழுத்துப் போடும்போது போன் அடித்தது. டீச்சர். மனைவி எடுத்தாள்.

"அவருக்கே வலை வெக்கப் போறாங்க டீச்சர்."

எனக்கே கேட்கும் அளவுக்குச் சத்தமாகப் பதில் வந்தது. "என் ஜன்னலை முடிச்சிட்டு வெச்சிக்கக் கூடாதா?"

கண் விழித்தபோது மூக்கில் குழாய் இருந்தது. "வெச்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"வெச்சாச்சு" என்றார் டாக்டர். குடல் கருநீலமாக வெளியே வந்ததாம். வெதுவெதுப்பான ஈரத் துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தார்களாம். மெல்ல மெல்ல நிறம் திரும்பி, அசையவும் தொடங்கியதாம். முன்பின் தெரியாத சிலர் என் குடல் சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வலி என்று நினைத்து நர்ஸ் ஓர் ஊசி போட்டார். நானும் மறுக்கவில்லை.

மறுநாள் மச்சான் பார்க்க வந்தார். வலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். கட்டுப் போட்ட இடத்தைக் காட்டினேன். திருப்தியில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடமே கேட்டுவிட்டார்: "உம்ராவுக்குப் போறப்ப ஏர்போர்ட் மெஷின்ல இது கத்துமா?"

"கத்தாது. பிளாஸ்டிக்தான்."

புனிதப் பயணமாக உம்ராவுக்குப் போவதாக நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அன்று மாலைக்குள் நான் கிளம்பப் போகிற செய்தி உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இருவர் என் பயணம் நல்லபடி முடியத் துஆ செய்தார்கள். ஒருவர் பேரீச்சம்பழம் வாங்கி வரச் சொன்னார். நான் நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். மனைவி ஆள் வைத்து டீச்சரின் மிச்ச ஜன்னல்களை முடித்துக் கொடுத்திருந்தாள்.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் தழும்பின் மேல் கை வைத்து, "இருமுங்க" என்றார். இருமினேன். "இன்னும் பலமா." இருமினேன். "நல்லா பிடிச்சிருக்கு" என்றார்.

நான் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தேன். மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேற எங்கயாவது வீக்கம் இருக்குதான்னும் பார்த்துடுங்க டாக்டர். இவரு சொல்ல மாட்டாரு."

டாக்டர் என்னை மறுபடி படுக்கச் சொன்னார். தொடை இடுக்கு இரண்டையும் பார்த்தார், நிற்க வைத்து இரும வைத்தும் பார்த்தார். எங்கும் இல்லை என்றார். எனக்கே அப்போதுதான் அது நிச்சயமாகத் தெரிந்தது. மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

"நல்லா பார்த்துட்டீங்களா?" என்று அவரிடமே இன்னொரு தடவை கேட்டாள்.