ஆறாவது குண்டு

நான் வேலை செய்யும் கிடங்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சென்னைக்காரனிடம் இரண்டு ரிவால்வர்கள் உண்டு. கர்க்லாண்ட் புறநகரில் வீடு, மனைவி, பிள்ளைகள் என்று இருப்பவனுக்கு இது என்ன கோதாரிப் பொழுதுபோக்கு என்று பலமுறை ஏசியிருக்கிறேன். "ஒரு தடவை வந்து பாருங்கண்ணா, அப்புறம் திட்டுங்க" என்பான். போன வசந்தத்தில் அவனுடைய கரைச்சல் தாங்காமல் நகரத்துக்கு வெளியே இருக்கும் சுடும் கழகத்துக்குப் போனேன்.

மேசையில் இரண்டையும் அருகருகே வைத்தான். இரண்டும் ஒரே இனம்தான். ஒவ்வொரு வெடிக்கும் முதலில் பின்னாலுள்ள சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். அதன்பிறகே விசை வேலை செய்யும். பழையது ஒல்லி. பிடித்தால் உள்ளங்கைக்குள் அப்படியே அடங்கிவிடுகிறது. சுத்தியலை இழுக்க, கடக் கடக்கென்று நாலு சத்தம். புதியதோ உடம்பு பெருத்து, பாரம் கூடி, என் கைக்கு அடங்கவில்லை. சத்தமும் குறைவு.

பழையதைப் பிடித்த உடனேயே திரும்ப மேசையில் வைத்துவிட்டேன். அப்படியான ஒன்றை யாழ்ப்பாணத்தில் ஒரேயொருக்கால் தொட்டிருக்கிறேன்.

"பழசு கைக்கு சுகமா இருக்குல்ல? ஆனா ஆபத்து" என்றான் சென்னைக்காரன். "ஆறு அறை இருந்தாலும் அஞ்சுதான் போடணும். காலி அறை மேல ஹேமரை இறக்கி வெக்கணும். ஆறும் போட்டா ஹேமர் குண்டு தலையிலயே உக்காந்திருக்கும். கீழ விழுந்து அடிபட்டா அதுவா வெடிச்சிடும். புதுசுல நடுவுல ஒரு தகடு இருக்கு, டிரிக்கரை அழுத்தாம வெடிக்காது."

"இன்னொருக்கால் சொல்லு" என்றேன். சொன்னான். அங்கேயே கிடந்த மர வாங்கில் குந்தி விம்மி விம்மி அழுதேன். பாவம், பயந்துபோனான்.

என் அண்ணையின் கலியாணத்தில், சீதனச் சாமான்களோடு வந்தது அந்த ரிவால்வர். அண்ணியின் அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். கப்பலேறிப்போன வெள்ளைக்காரத் துரை அவருக்குக் கொடுத்தது. கள்ளர் பயமும் ஆமிப் பயமும் கூடிய காலம் என்று மருமகனுக்குத் தந்துவிட்டார். அண்ணை அதை அலுமாரியில் வைத்திருந்தார். ஒருநாள் பின்னேரம் அலுமாரியைத் தள்ளிவைப்பதற்காக உள்ளேயிருந்த சாமான்களை எடுத்தவர், ரிவால்வரை என் கையில் தந்து, "கவனமடா" என்றார். அது வழுக்கிச் சீமெந்து நிலத்தில் விழுந்தது. வெடித்தது. குனிந்து நின்ற அண்ணையின் நெஞ்சில் பட்டது.

அண்ணி ஓடிவந்தார். "விழுந்து தானாய் வெடிச்சது" என்று கத்தினேன். "விசையை அமத்தாமல் வெடிக்குமோடா?" என்று கேட்டார். அதன்பிறகு அவர் என்னோடு கதைக்கவேயில்லை. பிறகு புலம்பெயர்ந்து இருவரும் இதே பனி நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போகப்போக எனக்கே ஐமிச்சம் வந்தது, விரல் விசையில் பட்டிருக்குமோ என்று. பனியில் கால் வழுக்கும்போதெல்லாம் பின்னால் அண்ணையின் குரலில் "கவனமடா" என்று கேட்கும். விசரன் மாதிரித் திரும்பிப் பார்ப்பேன். மெற்றோ படிகளில்கூடப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் கையில் நியாயம் இருந்தது. அண்ணி என்னை நம்ப வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். அடுத்த கிழமையே நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கும் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஒருக்கால் என்னோட வாங்கோ அண்ணி. அண்ணை எப்பிடிச் செத்தவர் எண்டு காட்டுறன். பேந்து சாகும்வரைக்கும் உங்கட கண்ணில படமாட்டன்."

கதவைச் சாத்திவிடுவார் என்று நினைத்தேன். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

சென்னைக்காரன் குண்டில்லாத ரிவால்வர்களை வைத்துப் பொறுமையாக விளக்கினான். பழையதைக் கொடுத்து, சுத்தியலை இழுக்காமல் விசையை மட்டும் அமத்தச் சொன்னான். அமத்தினார், ஒன்றும் நடக்கவில்லை; விரல் பட்டு மட்டும் வெடித்திருக்க வழியேயில்லை. ஆறும் போட்டிருந்தால் சுத்தியலின் முனை உள்ளே குண்டின் தலையில் எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் என்பதைக் காட்டினான். எனக்கோ 'பார்த்தீங்களே, பார்த்தீங்களே' என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"அஞ்சு மட்டும் இருந்திருந்தால்?" என்று கேட்டார் அண்ணி.

"சான்ஸே இல்லம்மா. எத்தனை தடவை விழுந்தாலும் வெடிச்சிருக்காது."

அண்ணி மெல்ல வாங்கில் குந்தினார். அந்தப் பழையதை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பா அஞ்சுதான் போட்டுத் தந்தவர்" என்றார். "ஏனெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்கட அம்மா சீதனப் பாத்திரத்தை எண்ணி, ஒரு கிண்ணம் குறையுது எண்டு சொன்னவ எல்லே. இதிலயும் ஒண்டு குறையுது எண்டு சொல்லுவா எண்டு பயந்து, குண்டுப் பெட்டியில கிடந்ததில ஒண்டை எடுத்து ஆறாவதாய் நான்தான் போட்டனான்."

ஐயோ, இதைக் கேட்கவா கூட்டிவந்தேன்? என் பழி என்னோடேயே கிடந்திருக்கலாமே.

"இல்லை அண்ணி" என்றேன். "நான் பொய் சொன்னனான். சுத்தியலை இழுத்து, விசையை அமத்தினது நான்தான்."

அண்ணி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"பொய் சொல்லாதை, தம்பி" என்றார்.