பதினேழாம் எண் பூட்டு

"அப்பா, நீங்க உள்ள இருக்கீங்கன்னு வெளிய இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் வேலையைப் பற்றிச் சொன்னபோது மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். இப்போது கேட்டால் சிரிக்க மாட்டேன்.

எனக்குக் கதை கட்டத் தெரியாது. இரும்பைப் பிடித்துத்தான் பழக்கம். இது எனக்கு நடந்தது. கடவுள் அறிவார்.

ராணுவத்துக்கு ராக்கெட் உறைகள் செய்யும் ஆலையில் நான் டெக்னீஷியன். உறைகளைச் சூட்டில் இறுகவைக்க அங்கே ஓர் அடுப்பு உண்டு. பஸ் நீளத்துக்குப் படுத்திருக்கும் இரும்பு உருளை. கதவை மூடியதும் உள்ளிருக்கும் காற்றை நீக்கி நைட்ரஜனை நிரப்புவோம். பிறகு சூடேற்றுவோம். மனிதன் உள்ளே மாட்டிக்கொண்டால் சில மூச்சுகள்தான்.

அதனால் ஒரு வழக்கம். உள்ளே போகிறவன் தன் பூட்டைக் கதவின் சுவிட்சில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு, அதில் அவனுடைய எண். பூட்டு தொங்கும்வரை கதவு அசையாது. என் எண் நாற்பத்திரண்டு.

அன்று விடுமுறை. பட்டப்பகல். ஆலையில் நானும் ஆபரேட்டர் 'மீசை'யும் மட்டும். அவருக்கு மீசையே கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர். காலி அடுப்பைச் சூடேற்றிச் சோதிப்பது அன்றைய வேலை. அதற்கு முன் உள்ளே கடைசி முனையில் அறுந்திருந்த ஒரு கம்பியை மாற்ற வேண்டும்.

மீசை டீ குடிக்கப் போயிருந்தார். இரண்டு நிமிட வேலைதானே என்று டார்ச்சோடு உள்ளே நுழைந்தேன். கடைசியிலிருந்த தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் குனிந்து திருகாணியை முடுக்கினேன்.

டக்.

வாசல் பக்கம். பூட்டு மாட்டும் சத்தம். மீசையும் வருகிறார் போல.

காலடி... மெதுவாக... இரும்புத் தரை அதிர்ந்தது.

"மீசை?"

காலடி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. யாரோ மூச்சு வாங்கினார்கள். இரைத்து... இரைத்து... காற்றுக்குத் தவிப்பவர் போல.

டார்ச்சைத் திருப்பினேன்.

யாருமில்லை.

மூச்சு மட்டும் நிற்கவில்லை.

ஓடினேன்.

வாசலில் மீசை சுவிட்சை வெறித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் வெளிறிப்போனார்.

"யோவ்! நீ உள்ளயா இருந்த?"

"ஏன்?"

"நான் வந்தப்ப பூட்டே இல்லையேய்யா! நீ வேலைய முடிச்சிட்டு சாப்பிடப் போயிட்டேன்னு நெனச்சேன். பட்டனை அமுக்கினா கதவு நகரல. என்னடான்னு வந்து பார்த்தா... இது தொங்குது."

"உங்க பூட்டு இல்லையா இது?"

"என்னுது இடுப்புல இருக்கு."

என் சட்டைப்பையைத் தொட்டேன். நாற்பத்திரண்டு அங்கேதான் இருந்தது. நான் மாட்டவே இல்லை.

தொங்கிய பூட்டில் பதினேழு என்று பொறித்திருந்தது. தொட்டேன்.

சுட்டது.

அதை வெட்ட இருவரும் போய்க் கட்டர் எடுத்து வந்தோம். சுவிட்ச் காலியாக இருந்தது.

மறுநாள் ஸ்டோர்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"பதினேழை யாருக்கும் தர்றதில்ல தம்பி. அது ஒரு வெல்டரோடது. நீ சேர்றதுக்கு ரொம்ப முன்னாடி. உன்னை மாதிரியே பூட்டை மாட்டாம உள்ள போயிட்டாரு."

"அந்தப் பூட்டு இப்ப எங்க?"

"கையில இறுக்கிப் பிடிச்சிருந்தாருப்பா. விரலைப் பிரிக்க முடியல. அப்படியே புதைச்சாங்க."

தனக்குக் கிடைக்காத உதவியை அந்த மனிதர் எனக்குச் செய்திருக்கிறார். மகளை மடியில் வைத்துக்கொண்டு அன்றிரவு வெகுநேரம் பிரார்த்தித்தேன். ஆனால் அந்த மூச்சு காதைவிட்டுப் போகவில்லை. அவர் இன்னும் உள்ளேயே இருக்கிறார். வெளியே வா என்று அவரை யாரும் கூப்பிட்டதே இல்லை.

அடுத்த விடுமுறையன்று தனியாகப் போனேன். என் பூட்டை மாட்டினேன். அந்த இருட்டைப் பார்த்து, ஸ்டோர்காரரிடம் கேட்டு வைத்திருந்த அவர் பெயரைச் சொன்னேன்.

"அண்ணே, வேலை முடிஞ்சிடுச்சு. வெளிய வாங்க."

வாசலிலேயே காத்து நின்றேன்.

பிறகு காலடி... மெதுவாக...

ஒதுங்கி வழிவிட்டேன். என் தோளை உரசிக்கொண்டு ஒரு வெப்பம் கடந்து போனது.

அதன் பிறகே என் பூட்டைத் திறந்தேன்.